ஓட்டுக்கூரையில் ஈயம்: ஃபிளாஷிங்கும் கூடல்வாயும்

ஈயம் என்றால் நமக்கு ரசம்தான் நினைவுக்கு வரும். ரசம் வைக்கும் ஈயச்செம்பு வெள்ளீயம். 232 டிகிரியில் உருகிவிடும். அதனால்தான் உள்ளே ரசம் இல்லாமல் அடுப்பில் ஏற்றாதே என்று பாட்டிமார் கத்துவார்கள். இந்தக் கட்டுரையில் வருவது அதன் கறுத்த பங்காளி, காரீயம். உடம்புக்கு ஆகாதது, சமையலறைப் பக்கமே வரக்கூடாதது. ஆனால் இங்கிலாந்தில் பழைய ஓட்டுவீடு எதை எடுத்துக்கொண்டாலும் மழையை வெளியே நிறுத்துவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. இனி ஈயம் என்று எழுதினால் காரீயம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்க வேண்டிய நிலை எனக்கு எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். லண்டன் புறநகரில் நாங்கள் வாங்கியது நூறு வயதைத் தாண்டிய வரிசைவீடு. மூன்றாவது குளிர்காலத்தில் மாடி அறைக் கூரையில், புகைபோக்கி ஏறிப்போகும் மூலையில், தேநீர் கொட்டியதுபோல் ஒரு கறை. ஒருவர் வந்தார், ஏணி வைத்து ஏறினார், புகைபோக்கியைச் சுற்றித் தார் போன்ற கறுப்புப் பசையை அப்பினார், பணம் வாங்கிக்கொண்டு போனார். அடுத்த குளிர்காலத்தில் கறை இரண்டு மடங்கானது. அப்புறம் வந்தவர் வயதானவர். மேலே போய்ப் படம் எடுத்துவந்து கைபேசியில் காட்டினார். ஓடுகளில் குறை ஒன்றும் இல்லையாம். ஈயத்தகடு மட்டும் குறுக்கே ஒரு விரல்நீளம் வெடித்திருந்தது. வெடிப்பின்மேல் பூசிய பசையும் அதே இடத்தில் வெடித்திருந்தது. நன்றாக இருந்த தகடு ஏன் வெடிக்க வேண்டும்? இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்தால் ஈயவேலையில் முக்கால்வாசி புரிந்துவிடும் என்று இப்போது நினைக்கிறேன்.

முதலில் கூரை எப்படித் தண்ணீரைத் தள்ளுகிறது என்று பார்ப்போம். அந்த நாட்டுப் பழைய வீடுகளில் கூரைக்குப் போடுவது பெரும்பாலும் சிலேட்டுக்கல். நாம் பள்ளிக்கூடத்தில் எழுதிய அதே சிலேட்டுதான், வேல்ஸ் மலைகளில் வெட்டியெடுத்தது. இல்லையென்றால் சுட்ட மண்ணோடு. எதுவானாலும் மேல்வரிசை கீழ்வரிசையின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். ஒட்டுவதற்குப் பசையோ கலவையோ கிடையாது. சாய்வும் மேலேற்றமும் இருந்தால் போதும், தண்ணீர் ஒரு வரிசையிலிருந்து அடுத்ததற்கு இறங்கி, இறவாரத்துக் குழாயில் போய் விழும். சமதளமாக ஓடு பரந்திருக்கிற இடத்தில், ஓடு உடையாதவரை, ஒழுக்கு வருவது அபூர்வம்.

தொந்தரவெல்லாம் அந்தத் தளம் முறிகிற இடங்களில். நடுவில் ஒரு புகைபோக்கி முளைத்திருக்கும். கூரை பக்கத்துச் சுவரில் போய் முட்டும். இரண்டு சாய்வுகள் உள்நோக்கிச் சந்தித்து ஒரு பள்ளத்தை உண்டாக்கும். ஓட்டை வளைக்க முடியாது, செங்கல்லையும் வளைக்க முடியாது. இரண்டுக்கும் நடுவே வளையக்கூடிய ஏதோ ஒன்று வேண்டும். சுவரும் ஓடும் சந்திக்கும் இடத்தை மூடுகிற தகட்டுக்கு ஃபிளாஷிங் என்று பெயர். இரண்டு சாய்வுகள் சேர்கிற பள்ளத்துக்கு ஆங்கிலத்தில் பள்ளத்தாக்கின் பெயரையே வைத்திருக்கிறார்கள். நம்மிடம் அதைவிட நல்ல சொல் இருக்கிறது: கூடல்வாய். நடுமுற்றம் வைத்த ஓட்டுவீட்டில் நாலு தாழ்வாரக் கூரைகளும் முற்றத்தைப் பார்த்து இறங்கி, நாலு மூலையிலும் கூடும் இடம். மழை பிடித்தால் அந்த நாலு மூலையிலிருந்துதான் கயிறுபோல் தண்ணீர் கொட்டும். வீட்டில் முதலில் ஒழுகுவதும் அதே மூலைதான். ஊர் மாறினாலும் தண்ணீர் மாறுவதில்லை.

ஏன் ஈயம்?

மிருதுவானது என்பதால். புதுத்தகட்டில் நகத்தால் கீறினால் கோடு விழும். சூடாக்காமலே மரக்கொட்டாப்புளியால் தட்டித் தட்டி மூலை, வளைவு, ஓட்டின் மேடுபள்ளம் என்று எதன்மேல் வேண்டுமானாலும் படிய வைக்கலாம். தகரத்தை மடித்தால் கொஞ்சம் எழும்பிப் பழைய நிலைக்கு வரப்பார்க்கும். ஈயம் அப்படி எழும்பாது, தட்டிய இடத்திலேயே கிடக்கும். காற்றும் மழையும் பட்டு மேலே ஒரு சாம்பல்நிறப் படலம் உருவான பிறகு அந்தப் படலமே அதைக் காக்கும். ஒழுங்காகப் போட்ட ஈயம் மனித ஆயுளைத் தாண்டி நிற்கும். ரோமானியர்கள் பிரிட்டனில் மெண்டிப் குன்றுகளில் ஈயம் வெட்டினார்கள். பாத் நகரத்தில் அவர்கள் கட்டிய பெருங்குளத்தின் அடியில் விரித்த ஈயத்தகடு இன்றும் அங்கேயே இருக்கிறது. குழாய்வேலை செய்பவரை நாம் பிளம்பர் என்கிறோமே, அந்தச் சொல்லுக்கே வேர் ஈயத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லான பிளம்பம். பிளம்பர் என்றால் ஆதியில் ஈயக்காரர்.

உருக்கி மறுபடி பயன்படுத்தலாம் என்பது அதன் நல்ல குணம், அதுவே அதன் சாபமும். இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றி 1536 முதல் 1540 வரை மடாலயங்களைக் கலைத்தபோது கூரை ஈயத்தை உரித்து உருக்கி விற்றார்கள். கூரை போன பிறகு சுவர்கள் தானே விழுந்தன. இன்றும் அங்கே தேவாலயங்களில் இரவோடு இரவாக ஈயம் திருடுபோவது செய்தியில் வந்துகொண்டுதான் இருக்கிறது.

கடையில் ஈயத்தகடு சுருளாகக் கிடைக்கும். தடிப்பை மில்லிமீட்டரில் கேட்க மாட்டார்கள், கோடு எத்தனை என்பார்கள் (ஆங்கில code, நாம் வரைகிற கோடு அல்ல). ஒரு சதுர அடித் தகடு எத்தனை பவுண்டு எடை இருக்கும் என்பதே அந்த எண். கோடு 4 என்றால் சதுர அடிக்கு 4 பவுண்டு. மெட்ரிக் வந்து எத்தனையோ காலமாகியும் இந்தக் கணக்கு போகவில்லை. சுருளின் வண்ணத்தை வைத்தும் கண்டுபிடிக்கலாம்: கோடு 3 பச்சை, 4 நீலம், 5 சிவப்பு. அதற்குமேல் 6 கறுப்பு, 7 வெள்ளை, 8 ஆரஞ்சு. வீட்டு வேலைக்கு முதல் மூன்றும் போதும். கோடு 4 சுமார் 1.8 மில்லிமீட்டர் தடிப்பு, சதுர மீட்டருக்கு 20 கிலோ. 150 மில்லிமீட்டர் அகலமான, 6 மீட்டர் நீளச் சுருளே 18 கிலோ வரும். ஏணியில் தூக்கிக்கொண்டு ஏறுகிறவரின் தோளை நினைத்துப்பாருங்கள்.

தகடு ஏன் வெடிக்கிறது

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். எல்லா உலோகமும் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். ஈயம் இதில் கொஞ்சம் அதிகப்படி. எஃகு நீள்வதைப்போல் இரண்டரை மடங்கு நீளும். குளிர்கால இரவுக்கும் கோடை நண்பகலுக்கும் இடையில் கறுத்த ஈயத்தின் வெப்பம் 60 டிகிரி மாறுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒன்றரை மீட்டர் தகடு ஏறக்குறைய 2.7 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். நாலு மீட்டர் தகடாக இருந்தால் 7 மில்லிமீட்டர்.

இதென்ன, கடுகளவுதானே என்று தோன்றும். ஆனால் ஒரு கம்பியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் மடக்கிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? முதல் பத்துத் தடவை ஒன்றும் ஆகாது. பிறகு சூடேறும், அப்புறம் ஒரே இடத்தில் முறியும். மேகம் விலகும்போதும் மூடும்போதும் கூரையில் நடப்பது இதுதான், பகலில் பல தடவை, வருடக்கணக்கில். தகடு தாராளமாக நகர இடம் இருந்தால் ஒன்றும் ஆகாது. இரண்டு முனையும் ஆணியடித்தோ, கலவையில் புதைத்தோ, பசையால் ஒட்டியோ கட்டப்பட்டிருந்தால், நகர வேண்டிய அந்தச் சில மில்லிமீட்டர் ஓரிடத்தில் மடிப்பாகப் புடைக்கும். மறுநாள் அதே மடிப்பு நிமிரும், மறுபடி புடைக்கும். கடைசியில் அங்கேயே வெடிக்கும்.

ஈயவேலையின் விதிகள் என்று எதைச் சொன்னாலும் அநேகமாக எல்லாம் இதிலிருந்து பிறப்பவையே. ஃபிளாஷிங் துண்டு ஒன்றரை மீட்டருக்குமேல் நீளக்கூடாது. மெலிந்த கோடு 3 என்றால் ஒரு மீட்டரோடு நிறுத்த வேண்டும். நீளமான சுவர் என்றால் பல துண்டுகள், ஒன்றின்மேல் ஒன்று குறைந்தது 100 மில்லிமீட்டர் ஏறியிருக்க வேண்டும், நடுவில் ஒட்டக்கூடாது. மேல்விளிம்பை மட்டும் பிடித்துக் கட்டலாம். கீழ்விளிம்பு காற்றில் தூக்காமல் இருக்கச் செம்பு அல்லது துருப்பிடிக்காத எஃகுக் கிளிப் போட்டால் போதும். கிளிப் தகட்டைத் தாங்கும், இறுக்காது. ஆணி அடிக்க வேண்டிய இடத்தில் செம்பாணி. சாதாரண இரும்பாணி துருப்பிடித்துப்போகும், ஈயம் அதற்குப் பிறகும் ஐம்பது வருடம் இருக்கும்.

என் வீட்டில் நடந்தது? முன்பு யாரோ மூன்று மீட்டருக்கு ஒரே தகட்டை ஓட்டிவிட்டிருந்தார்கள். ஒட்டு குறைவாக இருந்தால் ஒழுக்கும் குறைவாக இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தண்ணீரைத் தடுப்பது ஒட்டல்ல, மேலேற்றம். பசை அப்பியவரும் அதே தவறைத்தான் வேறு விதமாகச் செய்தார்.

புகைபோக்கியைச் சுற்றி

புகைபோக்கிக்கு நாலு பக்கம், நாலு பக்கத்துக்கும் வேறு வேறு வேலை. கீழிருந்து மேலே போட்டுக்கொண்டு போவார்கள், அப்போதுதான் மேல்துண்டு எப்போதும் கீழ்த்துண்டின்மேல் படியும்.

முன்பக்கத் துண்டுக்கு ஏப்ரன் என்று பெயர். சமையல்காரர் இடுப்பில் கட்டுகிற துணியேதான். செங்கல் முகத்தில் கொஞ்சம் ஏறி, மடிந்து, ஓட்டின்மேல் 150 மில்லிமீட்டர் தொங்கும். இரண்டு பக்கமும் மூலை தாண்டி நீண்டு வளைந்திருக்கும். அந்த மூலையை வெட்டாமல், கொட்டாப்புளியால் தட்டித் தட்டியே ஈயத்தை அங்கே திரட்டி உருவாக்குவது தனிக்கலை. இப்போது பலர் வெட்டி, ஈயத்தையே உருக்கி ஒட்டவைத்துவிடுகிறார்கள். கூரைமரத்தின்மேல் நெருப்புச்சுடர் பிடிப்பதைவிடத் தட்டுவது நல்லது என்பது என் கட்சி. ஆனால் தட்டத் தெரிந்தவர் கிடைக்க வேண்டுமே.

பக்கவாட்டில்தான் அழகே இருக்கிறது. கூரை சாய்வாக இறங்குகிறது, செங்கல் வரிகளோ படுக்கையாக இருக்கின்றன. தகட்டின் மேல்விளிம்பைச் செங்கல்சந்துக்குள் செருகினால்தான் பின்னால் தண்ணீர் இறங்காது. சாய்கோட்டில் சந்து கிடையாது. அதனால் தகட்டைப் படிக்கட்டுபோல் வெட்டுகிறார்கள். ஒவ்வொரு படியின் மேல்விளிம்பும் 25 மில்லிமீட்டர் மடிக்கப்பட்டு அந்தந்த வரியின் சந்துக்குள் போகும். செங்கல் 65, கலவை 10, ஆகப் படிக்கு 75 மில்லிமீட்டர். பழைய கலவையைச் சுரண்டிக் காடி எடுத்து, தகட்டின் மடிப்பைச் செருகி, துண்டு ஈயத்தைச் சுருட்டிச் செய்த ஆப்பை அடித்து இறுக்கி, மேலே கலவையோ ஈயத்துக்கென்று விற்கும் பூச்சோ வைத்துச் சந்தை மூடுவார்கள். தெருவில் நின்று பார்த்தால் புகைபோக்கியின் விலாவில் ஏணிப்படி போலச் சாம்பல் கோடு தெரியும்.

அந்தப் படிக்கட்டுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு அடுக்கு இருக்கும். சிலேட்டுக் கூரையானால் ஒவ்வொரு சிலேட்டு வரிசைக்கும் ஒரு சிறிய துண்டு, பாதி சிலேட்டின் அடியில், பாதி சுவரோடு நிமிர்ந்து. இதைச் சோக்கர் என்பார்கள். சிலேட்டோடு சிலேட்டாக அடுக்கிக்கொண்டே போவார்கள். படிக்கட்டுத்தகடு மேலே வந்து அவற்றின் நிமிர்ந்த விளிம்பை மூடும். கவனித்தீர்களா? சோக்கர் கூரையைச் சேர்ந்தது, படிக்கட்டு சுவரைச் சேர்ந்தது. ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன, கட்டிக்கொள்ளவில்லை. கைமரம் காய்ந்து சுருங்கும், பாரம் தாங்கிக் கொஞ்சம் இறங்கும். செங்கல் புகைபோக்கி அப்படி அசையாது. இரண்டையும் ஒரே தகட்டால் பிணைத்திருந்தால் இடையில் மாட்டிக்கொண்ட தகடு கிழியும். இரண்டு துண்டாக இருப்பதால் ஒன்று நகர்வது மற்றதற்குத் தெரியாது. கூட்டுக்குடும்பத்தில் இரண்டு அடுப்பு வைத்ததுபோல்.

அலையலையான கான்கிரீட் ஓடு போட்ட கூரையில் சோக்கர் வைக்க வழியில்லை. அங்கே படிக்கட்டுத் தகட்டையே அகலமாக எடுத்து, ஓட்டின் மேட்டைத் தாண்டி 150 மில்லிமீட்டருக்குத் தட்டிப் படிய வைப்பார்கள்.

பின்பக்கம்தான் எமன். புகைபோக்கிக்கு மேலே உள்ள கூரைத் தண்ணீர் முழுவதும் வந்து மோதுவது அதன் முதுகில். அங்கே ஒரு சின்ன வாய்க்கால் அமைப்பார்கள். தட்டையான அடிப்பாகம் குறைந்தது 150 மில்லிமீட்டர். ஒரு பக்கம் செங்கல்மேல் ஏறும், மறுபக்கம் மேல்வரிசை ஓட்டின் அடியில் நுழைந்து கூரையோடு ஏறிப்போகும். செங்கல் பக்கம் ஏறிய விளிம்பை மூடத் தனியாக இன்னொரு துண்டு, காரணம் மேலே சொன்னதுதான். தரையிலிருந்து பார்த்தால் தெரியாத இடம் என்பதால் வேலையில் ஏமாற்று நடப்பதும் இங்கேதான். இலையும் பாசியும் சேர்ந்து தண்ணீரைத் தேக்குவதும் இங்கேதான். மதிப்பீடு கேட்கும்போது புகைபோக்கியின் பின்பக்கப் படம் வேண்டும் என்று கேளுங்கள். படம் தராதவருக்கு வேலை தரவேண்டியதில்லை.

பல வீடுகளில் ஈயமே இருக்காது. சிக்கனம் பார்த்தவர்கள் அந்தக் காலத்தில் ஓடும் செங்கல்லும் சந்திக்கும் மூலையில் கலவையைச் சாய்வாக அப்பிவிட்டுப் போயிருப்பார்கள். கலவை இறுகிவிடும், கூரையோ இறுகாது. சில வருடத்தில் சுவரை விட்டு ஒரு மயிரிழை விலகும். மயிரிழை போதும் மழைக்கு.

கூடல்வாய்

லண்டனின் பழைய வரிசைவீடுகளில் முன்சன்னலுக்குமேல் முக்கோண முகப்பு வைத்திருப்பார்கள். அந்தச் சின்னக் கூரை பெரிய கூரையோடு சேர்கிற இரண்டு பக்கமும் கூடல்வாய். இரண்டு சாய்விலிருந்தும் வரும் தண்ணீர் அந்த ஒரு கோட்டில் ஓட வேண்டும்.

முதலில் கைமரத்தின்மேல் இரண்டு பக்கமும் பலகை அடித்து ஒரு தொட்டில் அமைப்பார்கள். பலகையின்மேல் ஈயம் ஒட்டாமல் நகர ஒரு துணிபோன்ற விரிப்பு. தார்த்தாள் போட்டால் வெயிலில் உருகி ஈயத்தைப் பிடித்துக்கொள்ளும், பழைய கதைதான். ஓரங்களில் முக்கோணக் கட்டை. அதன்மேல் ஈயத்தின் விளிம்பு ஏறி மடிந்திருப்பதால் தண்ணீர் பக்கவாட்டில் தப்ப முடியாது. தகடுகள் கோடு 4 அல்லது 5, ஒவ்வொன்றும் ஒன்றரை மீட்டருக்குள். தலைப்பக்கம் மட்டும் செம்பாணி. பக்கவாட்டில் ஆணி கூடவே கூடாது. மேல்தகடு கீழ்த்தகட்டின் ஆணிகளை மூடிக்கொண்டு இறங்கும்.

எவ்வளவு மேலேற வேண்டும்? இங்கேதான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். விதி என்னவென்றால், நிமிர்ந்த உயரக்கணக்கில் 75 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். காற்று தண்ணீரை மேல்நோக்கித் தள்ளினாலும், இரண்டு தகட்டுக்கு நடுவில் அது தானே உறிஞ்சி ஏறினாலும், அந்த உயரத்தைத் தாண்டாது. 30 டிகிரி சாய்வில் 75 மில்லிமீட்டர் உயரம் கிடைக்க, சாய்வோடு அளந்தால் 150 மில்லிமீட்டர். 45 டிகிரியில் 105 அல்லது 106 வரும். சரி, என் கூரை 30 டிகிரி, 150 போட்டால் போதும் என்று முடிவுகட்டாதீர்கள். கூடல்வாய் கூரையின் சாய்வில் ஓடுவதில்லை. அது மூலைவிட்டத்தில் ஓடுகிறது. உயரம் அதேதான், தூரம் அதிகம், ஆகவே சாய்வு குறைவு. மலைப்பாதை வளைந்து வளைந்து ஏறினால் மேடு குறைவாகத் தெரிகிறதல்லவா, அதுபோல. இரண்டு 30 டிகிரிக் கூரைகள் செங்கோணத்தில் சந்தித்தால் கூடல்வாயின் சாய்வு 22 டிகிரி மட்டுமே. அதற்கு வேண்டிய மேலேற்றம் 200 மில்லிமீட்டர். 150 போட்டவர் சோம்பேறியல்ல, தப்பான கோணத்தை எடுத்தவர். புயல்மழையில் மட்டும் ஒழுகுகிற கூடல்வாய்களில் இதையும் ஒரு தடவை அளந்துபார்க்கலாம்.

ஓடுகளைச் சாய்வாக வெட்டி இரண்டு பக்கமும் முடிக்கும்போது நடுவில் குறைந்தது 100 மில்லிமீட்டர் திறந்திருக்க வேண்டும். நெருக்கமாக இருந்தால் பார்க்க லட்சணமாக இருக்கும், இலை அடைத்துக்கொள்ளும். வெட்டிய ஓட்டின் விளிம்பைக் கலவையில் பதிப்பது வழக்கம். அந்தக் கலவை ஈயத்தின்மேல் நேரே உட்காரக்கூடாது. உட்கார்ந்தால் ஈயம் கலவைக்குள் சிறைப்படும், ஈரக்கலவையின் காரமும் ஈயத்துக்கு நல்லதல்ல. நடுவில் ஒரு மெல்லிய சிமெண்ட் நார்ப்பட்டை வைத்து, அதன்மேல் கலவையை வைக்க வேண்டும். இந்தப் பட்டையைத் தவிர்த்த வேலையை நான் மூன்று வீடுகளில் பார்த்திருக்கிறேன். மூன்றிலும் கலவை உதிர்ந்து கூடல்வாயில் கிடந்தது.

லண்டனில் இன்னொரு வகைக் கூரை உண்டு. தெருவிலிருந்து பார்த்தால் மொட்டைமாடிபோல் நேர்கோட்டில் சுவர் முடியும். பின்னால் இரண்டு சாய்வும் நடுவை நோக்கி இறங்கி, பட்டாம்பூச்சி இறகு விரித்ததுபோல் இருக்கும். வீட்டின் நடுமுதுகில் ஒரு நீண்ட ஈய வாய்க்கால். சாய்வு மிகக் குறைவு, 80க்கு 1 என்ற அளவு, அதனால் தகடுகளைச் சும்மா ஒன்றின்மேல் ஒன்று போட்டால் தண்ணீர் பின்னேறிவிடும். குறைந்தது 50 மில்லிமீட்டர் உயரப் படிகள் வைத்து, ஒரு படியில் ஒரு தகடு முடிய அடுத்தது தொடங்கும். அப்படிப்பட்ட வீட்டை வாங்குவதானால் அந்த வாய்க்காலைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்போது கூடல்வாய்க்கு ஈயத்துக்குப் பதில் கண்ணாடியிழை வார்ப்புகள் வருகின்றன. மலிவு, எடை இல்லை, திருட ஆளில்லை. சாதாரண வீட்டுக்கு அதில் எனக்கு மறுப்பில்லை. புகைபோக்கிக்கு மட்டும் ஈயம்தான் என்பேன். ஒட்டும் நாடா எதையும் தற்காலிகம் என்றே நினைத்து ஒட்டுங்கள்.

சில சில்லறைச் சங்கதிகள்

புது ஈயத்தின்மேல் முதல் மழை பட்டதும் வெள்ளையாக ஒரு மாவு படியும். அது வழிந்து ஓட்டிலும் செங்கல்லிலும் வெள்ளைக்கோடு விழும். போட்ட அன்றே அதற்கென்றுள்ள எண்ணெயைத் துணியில் தொட்டுப் பூசிவிட்டால் இது வராது. மேலேறியிருக்கும் விளிம்பின் அடியிலும் பூச வேண்டும், அதைத்தான் மறப்பார்கள்.

பாசி, கல்பூ படர்ந்த கூரையிலிருந்து சொட்டும் தண்ணீரில் மெல்லிய அமிலம் இருக்கும். ஒரே இடத்தில் பல வருடம் சொட்டினால் ஈயத்தில் கோடுகோடாகப் பள்ளம் விழும். அடிப்பக்கத்திலும் பகை உண்டு. வீட்டுக்குள்ளிருந்து ஏறும் ஈரக்காற்று தகட்டின் அடியில் வியர்த்து அரிக்கும், ஓக் மரத்துப் பலகையானால் அதன் ஆவியிலுள்ள அமிலமும் சேர்ந்துகொள்ளும்.

புகைபோக்கி அருகில் ஈரம் என்றால் உடனே ஃபிளாஷிங்கைக் குற்றம் சொல்லவும் வேண்டாம். செங்கல்லே தண்ணீர் குடிக்கும். உச்சியில் கலவை வெடித்திருந்தால் மழை உள்ளே இறங்கி, செங்கல் வழியாகவே ஃபிளாஷிங்குக்குக் கீழே போய்விடும். வெளியே தகடு புத்தம்புதிதாக இருக்கும், உள்ளே கறை வளரும். அடையாளம் காண ஒரு வழி, மழையில்லாத நாளில் தோட்டக்குழாயால் தண்ணீர் அடித்துப் பார்ப்பது. கீழிருந்து தொடங்க வேண்டும்: முதலில் ஓடு, பிறகு ஏப்ரன், பிறகு விலா, பிறகு முதுகு, கடைசியில் உச்சி. ஒவ்வோர் இடத்திலும் கால்மணி நேரம் அடித்துவிட்டு, உள்ளே ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். மேலிருந்து அடித்தால் எல்லா இடமும் ஒரேயடியாக நனையும், ஒன்றும் தெரியாது.

ஈயம் நஞ்சு என்பதையும் மறக்க வேண்டாம். மாட்டியிருக்கும் தகட்டைத் தொட்டால் ஒன்றும் ஆகிவிடாது. வெட்டித் தட்டுகிறவர் கை கழுவாமல் சாப்பிடக்கூடாது, உருக்கினால் புகையை மூச்சில் இழுக்கக்கூடாது, துண்டு துணுக்குகளைக் குழந்தைகள் புழங்கும் தோட்டத்தில் விடக்கூடாது. ஈயக்கூரைத் தண்ணீரைப் பிடித்துக் குடிக்கவும் கூடாது. பழைய துண்டுகளுக்குக் காயலான்கடையில் நல்ல விலை உண்டு. வேலைக்காரர் அதைத் தன் கணக்கில் எடுத்துப்போவது வழக்கம், உங்களுக்கு வேண்டுமென்றால் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

எங்கள் புகைபோக்கிக்கு அந்தப் பெரியவர் கோடு 4 போட்டார், முதுகு வாய்க்காலுக்கு மட்டும் கோடு 5. மூன்று மீட்டர் தகடு இருந்த இடத்தில் இப்போது மூன்று, ஒன்றின்மேல் ஒன்று 150 மில்லிமீட்டர் மேலேற்றம். இரண்டு நாள் வேலை. அதில் அரைநாள் பழைய கறுப்புப் பசையைச் சுரண்டுவதற்கே போயிற்று. கறைக்கு வெள்ளையடித்து நாலு வருடமாகிறது, திரும்ப வரவில்லை. இலையுதிர்காலம் முடிந்ததும் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று பைனாகுலர் வைத்துப் பார்க்கிறேன். பக்கத்து வீட்டுப் பாட்டி முதலில் சந்தேகமாகப் பார்த்தார், இப்போது தன் கூரையையும் பார்க்கச் சொல்கிறார். போன நவம்பரில் அவருடைய கூடல்வாயின் நடுவில், தண்ணீரை மறித்துக்கொண்டு, ஒரு டென்னிஸ் பந்து உட்கார்ந்திருந்தது.